தாம்பூலப் பை மேசையிலிருந்து மகனுக்கு

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த முதல் வரியைப் படித்ததும், அப்பா மறுபடி யார் மீதோ புகார் எழுத உட்கார்ந்துவிட்டார் என்று நீ நினைப்பாய். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. கல்லூரி நிர்வாகத்துக்கும், நம் வாசலை மறித்து வண்டி நிறுத்தும் பட்டறைக்காரருக்கும், பாகப்பிரிவினையில் என்னை ஏமாற்றிய உன் பெரியப்பாவுக்கும் நான் எழுதிய கடிதங்களைப் பார்த்து வளர்ந்தவன் நீ. எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியை என்னிடமே படித்த ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்த பிரின்சிபாலையும் நிர்வாகத்தையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் இத்தனை காலமாக நான் உள்ளேயே பூட்டி வைத்திருந்தது புகார் அல்ல, ஒரு சந்தோஷம். புகாரைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. சந்தோஷத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் நீ போனில் கூப்பிட்டாய். "அப்பா, தேசிய ஜூனியர் செஸ் மறுபடியும் நம்மூருக்கு வருதுங்க. இந்தத் தடவ நான்தான் நடத்தறேன். போட்டி மலர்ல பெத்தவங்க பக்கம்னு ஒண்ணு போடறோம். வெளிய காத்துட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு கடிதம் மாதிரி எழுதிக் குடுங்க. அப்பறம், போன் வாங்கி வெக்கற மேசைக்கு நீங்கதான் வரோணும்" என்றாய். எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். உன் அம்மா காய் நறுக்கியபடியே கேட்டாள்: "வேற என்னங்க வேல உங்களுக்கு? அந்தப் பிரின்சிபால நெனச்சுட்டு உக்காந்திருக்கறதா?" அதனால் எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன்; மண்டபத்து வாசலில் காத்திருக்கப் போகும் அப்பாக்களும் அம்மாக்களும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு முதலில் என் கோபத்தின் கதையைச் சொல்ல வேண்டும். உனக்கு ஜூனியர் வயது முடிவதற்கு முந்தைய வருடம், மாநிலத் தேர்வுப் போட்டியில் நீயும் கோகுலும் ஒரே புள்ளியில் முடித்தீர்கள். மாநிலத்தில் முதல் நால்வருக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். அந்த நான்காவது இடத்துக்கு நீங்கள் இரண்டு பேர். இப்படிச் சமமாக வந்தால், யார் பலமான ஆட்களோடு மோதினார்கள் என்று பார்த்து முன்பின் வைப்பதற்கு டைபிரேக் என்று ஒரு கணக்கு உண்டு. அதில் கோகுல் மேலே போனான், நீ ஐந்தாவதாக நின்றாய். கோகுலின் அப்பா நாச்சிமுத்து அப்போது நம் மாவட்டத்துச் செஸ் செயலாளர். எனக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். புள்ளியியல் நடத்துகிறவன் நான். தலைகீழாகவும் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தப்பு இருந்திருந்தால் ஒரு கடிதம் எழுதி ஆறியிருப்பேன்.

நாச்சிமுத்து மீது எனக்கு அதற்கும் முந்தைய வழக்கு ஒன்று இருந்தது. அவர் குடும்பத்துத் தோட்டத்தில்தான் என் அப்பா ஆயுள் முழுக்க வேலை பார்த்தார். நான் படித்து, வாத்தியாராகி, கணபதிப் பகுதியில் ஒரு வீடும் கட்டினேன். நாச்சிமுத்து தன் மகள் பிரியங்காவின் கல்யாணத்துக்கு ஊரில் தெரிந்தவர்களை எல்லாம் மனைவியோடு போய், தட்டு வைத்து அழைத்தார். நம் வீட்டுக்கு மட்டும் பத்திரிகையை டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். நான் போகவில்லை, உன் அம்மாவையும் போக விடவில்லை. அதன் பிறகு நாச்சிமுத்துவை எங்கே பார்த்தாலும் அந்த டிரைவர்தான் எனக்குத் தெரிவார். பத்திரிகையும் டைபிரேக்கும் மனதில் ஒன்றாகச் சேர்ந்த அந்த வாரம் நான் ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவர்கள் மீது நீதி கேட்டு மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது உன் அம்மா கேட்டாள்: "கணக்கு சரியாத்தான் இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. டைபிரேக்குக்கெல்லாம் அம்மன் வருமாங்க?" கல்யாணப் பத்திரிகைக்கும் சேர்த்து அரைக்கிறேன் என்றேன். "செரி, அரைச்ச கையோட கண்ணக் கசக்கிப்போடாதீங்க" என்று அனுப்பிவைத்தாள். இரண்டு நாள் கை எரிந்தது. நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதமே அவருடைய கல்யாண மண்டபத்துக்குப் புது ஏசி வந்தது.

அடுத்த வருடம் அவரே போனில் கூப்பிட்டார். "சாருங்களா? தேசிய ஜூனியர நம்மூருக்குக் கேட்டு வாங்கிப்போட்டமுங்க. மதுக்கரைக்குப் பக்கத்துல நம்ம மண்டபத்துலயே வெச்சுக்கலாமுங்க. அத்தன ஸ்டேட்டுல இருந்தும் புள்ளைக வரும். எனக்கு இங்கிலீசும் வராது, இந்தியும் வராது. நீங்க கூட நின்னாத் தேவலீங்க." டிரைவரிடம் சொல்லி அனுப்பாமல் இதற்கு மட்டும் அவரே பேசுகிறாரே என்று சொல்ல நாக்கு துடித்தது. அதற்குள் மூளை ஒரு கணக்குப் போட்டது. போட்டியை நடத்தும் மாநிலத்துக்குக் கூடுதலாகச் சில இடங்கள் கிடைக்கும். உனக்கு அது கடைசி வருடம். மறுபடி நீ ஐந்தாவதாக வந்தாலும், போட்டி நம்மூரில் நல்லபடியாக நடந்தால் உனக்கு உள்ளே ஓர் இடம் உண்டு. "சரிங்க செக்ரட்டரி, வாரேன்" என்றேன். ஏதோ சண்டைக்குத்தான் போகிறேன் என்று உன் அம்மா என்னை நம்பாமல் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டதில் பாதி சரி. நான் போனது உனக்காக மட்டும்தான். அந்த மனிதரோடு சமாதானம் ஆவதற்கு அல்ல.

அப்படித்தான் எதிரியின் மண்டபத்தில் நான் மாதக்கணக்கில் வேலை செய்தேன். எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதினேன். எந்த ரயில் எப்போது வருகிறது, யாரை எங்கே தங்கவைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கல்யாண மண்டபத்தைச் செஸ் அரங்கமாக மாற்றுவது லேசு இல்லை என்பதை இப்போது நீயும் கண்டுகொண்டிருப்பாய். பந்தி மேசைகள் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும்; இரண்டை ஒட்டிப் போட்டால்தான் பலகையும் கடிகாரமும் பிள்ளைகளின் முழங்கையும் கொள்ளும். முன்னணி ஆட்டக்காரர்களைச் சற்று உயரமான இடத்தில் உட்கார வைப்பது வழக்கம் என்றேன். "அதுக்குத்தானுங்க மணமேடை கட்டி வெச்சிருக்கறோம்" என்றார் நாச்சிமுத்து. அப்படியே செய்தோம். மேலே ஜரிகை வளைவு, பின்னால் இரண்டு மயில், நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள். ஒத்திகை பார்த்த அன்று உன் அம்மா அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பிடிக்கலீன்னு மாப்ள யோசன பண்ற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். நாச்சிமுத்து சிரித்தார். நான் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

அதற்கிடையில் பொள்ளாச்சியில் மாநிலத் தேர்வு வந்தது. பள்ளிக்கூட ஹால், சுவருக்கு அந்தப் பக்கம் தென்னை நார் மில். முதல் சுற்று தொடங்கியதும் மெஷின் ஓட ஆரம்பித்தது. பையன்கள் நடுவரிடம் ஓடினார்கள், பெற்றோர்கள் வாசலில் சண்டைக்கு நின்றார்கள். நானும் முன்வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தபோதுதான் வாயை மூடினேன். நீ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தாய். கணபதியில் இரண்டு பக்கமும் லேத்துப் பட்டறை ஓட, நடுவில் ஆடிப் பழகியவன் நீ. அமைதியான ஹாலில்தான் உனக்கு ஆட்டம் ஓடாது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அந்த லேத்துக்காரர்கள் மீது நான் கொடுத்த புகார்களில் ஒன்றாவது பலித்திருந்தால் நீ பொள்ளாச்சியில் ஜெயித்திருக்க மாட்டாய். மில் ஓட ஓட நீ ஜெயித்தாய். மூன்றாவதாக வந்தாய். டைபிரேக் இல்லை, கூடுதல் இடம் இல்லை, யார் தயவும் இல்லை. நேராக உள்ளே போனாய். வெளியே வந்து, "அப்பா, அந்தச் சத்தம் நின்னப்பத்தாங்க பயமாப்போச்சு" என்றாய். நான் உன் தலையைத் தட்டிக் கொடுத்தேன். அன்று உன்னைத் தூக்கிச் சுற்றியிருக்க வேண்டும்.

கோகுல் அந்த வருடம் ஐந்தாவது. அதாவது, எதிரியின் மண்டபத்தில் நான் பாடுபட்டுச் சம்பாதித்த கூடுதல் இடம் எதிரியின் மகனுக்குப் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் நீ மெதுவாகக் கேட்டாய்: "அப்பா, இனி நமக்கு அந்த எடம் வேண்டாமே. கமிட்டில இருந்து நின்னுக்கறீங்களா?" எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை என்று விறைப்பாகச் சொன்னேன். நீ நம்பினாய். உண்மை வேறு. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. காலையில் எழுந்ததும் பிரின்சிபால் ஞாபகம் வரவில்லை. அசாம் பையன்களின் ரயில் தாமதம் என்பதுதான் ஞாபகம் வந்தது. இதை யாரிடம் சொல்வேன்?

போட்டி தொடங்கிய அன்று காலை நடந்ததை நீ முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதால் பார்க்கவில்லை. அரங்கத்துக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாங்கி, எண் போட்ட உறையில் வைத்து, டோக்கன் கொடுக்க ஏற்பாடு. ஆட்களும் டோக்கனும் வந்தாயிற்று, உறைகள் வரவில்லை. வெளியே கூட்டம் நெரிகிறது. சுற்று தொடங்க வேண்டும். தலைமை நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி என்னைப் பார்க்கிறார். அப்போது எனக்கு நம் சமையலறைக் கதவின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. நம் ஊரில் எந்த வீட்டுக் கதவின் பின்னாலும் ஒரு கொத்துத் தாம்பூலப் பை தொங்கும். கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுக்கும் பை. பெண் மாப்பிள்ளை பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எத்தனை வடநாட்டுப் பிள்ளை வந்தாலும் அதைப் படிக்க முடியும். டோக்கனே வேண்டாம், ஆளுக்கு ஒரு ஜோடியின் பெயர், ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும் என்றேன். கமிட்டி ஆட்கள் வீட்டுக்கு வீடு போன் போட்டார்கள். உன் அம்மா நம் வீட்டு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மணிப்பூர் பையன் ஒருவன், "அங்கிள், கார்த்திக் வெட்ஸ் சௌமியா" என்று மனப்பாடம் செய்துகொண்டே உள்ளே ஓடினான். எனக்குத் துறைத்தலைவர் பதவி கொடுக்காதவர்கள் அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் செய்த பிசகு சாயங்காலம்தான் தெரிந்தது. ஒரு பைக்கு ஒரு கல்யாணம் என்று கணக்குப் போட்டவன், நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கல்யாணங்களுக்குத்தான் போகிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். சுற்று முடிந்து பிள்ளைகள் மேசைக்கு வந்ததும் நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே கத்தல்: "அருண் வெட்ஸ் பிரியங்கா!" "அங்கிள், மைன் ஆல்சோ பிரியங்கா!" ஒரு பெரிய கூட்டமே பிரியங்காவைக் கட்டியிருந்தது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த பையைக் கொடுத்தார்கள். அசாம் பையனின் போன் குஜராத் பையனோடு லாட்ஜுக்குப் போய்விட்டது. அசாமிலிருந்து அந்தப் பையனின் அம்மா கூப்பிட, குஜராத் பையன் எடுத்துப் பேச, அந்த அம்மா தன் மகனை யாரோ கடத்திவிட்டார்கள் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் நான் சமாதானம் சொன்னதும் அழுகை இன்னும் கூடியது. கடைசியில் அவர் மகனையே கண்டுபிடித்துக் கொண்டுவந்து போனில் பேசவைத்தோம். பையன் அம்மாவிடம் முதலில் சொன்னது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று.

கூட்டம் கலைந்த பிறகு நாச்சிமுத்து மேசையில் கிடந்த பைகளை மடித்துக்கொண்டிருந்தார். பிரியங்கா அவருடைய மகள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "பாருங்க சாரு, என்ற புள்ள கல்யாணப் பை ஊரெல்லாம் இருக்குது" என்று பெருமையாகச் சொன்னார். "இதுல உங்க ஊட்டுப் பை எதுங்க?"

"எங்க ஊட்ல அந்தப் பை இல்லீங்க."

"ஏனுங்க, கல்யாணத்துக்கு வந்தீங்கல்ல?"

"பத்திரிகைய டிரைவர்கிட்டத்தான குடுத்து உட்டீங்க? எனக்குப் பதிலா அவரே வந்து சாப்புட்டுட்டுப் போயிருப்பாருன்னு இருந்துட்டனுங்க."

வருடக்கணக்கில் தீட்டி வைத்திருந்த வாக்கியம் அது. சொன்னதும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நாச்சிமுத்து மடித்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதாவது சாக்குச் சொல்வார், அதற்கும் ஒரு பதிலை வைத்திருந்தேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. "தப்புத்தானுங்க" என்றார். மீதிப் பைகளை மடித்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பதிலுக்கு வேலை இல்லாமல் போனது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

மறுநாள் காலை நானும் உன் அம்மாவும் மேசையில் பிள்ளைகளிடம் போன் வாங்கிக்கொண்டிருந்தோம். இந்த முறை ஒரு கல்யாணத்துக்கு ஒரே பை என்று உன் அம்மா எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்தாள். வரிசையில் நாச்சிமுத்துவும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர் பட்டு வேட்டி, அந்த அம்மா பட்டுப்புடவை. கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று. பின்னால் கேரளாவும் வங்காளமும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றன. அந்த அம்மா உன் அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்து, "அம்மணி, எங்க புள்ள பிரியங்கா கல்யாணத்துக்குக் குடும்பத்தோட முன்கூட்டியே வந்து நடத்திக் குடுக்கோணும்" என்றார். அந்தப் பிரியங்காவின் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தியே ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பதா, எழுந்து போவதா என்று தெரியவில்லை. "முகூர்த்தம் எப்பங்க?" என்று கேட்டேன். நாச்சிமுத்து சிரிக்காமல் சொன்னார்: "முகூர்த்தம் போச்சுங்க சாரு. சாப்பாடு இன்னிக்கு மத்தியானம். வந்துபோடுங்க." நான் இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டேன்.

சொன்னபடியே செய்தார். அன்று மத்தியானம் போட்டிக்கு வந்த அத்தனை பேருக்கும் கல்யாண விருந்து. வாழையிலை, இனிப்பு, வடை, அரிசிம்பருப்பு சாதம், பாயசம் எதையும் குறைக்கவில்லை. இலையை எந்தப் பக்கம் மூடுவது என்று ஒரு பஞ்சாப் பையனுக்கு உன் அம்மா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "போதும் ஆண்ட்டி" என்று கையைக் காட்டியவர்களுக்கு நம்மூர் வழக்கப்படி இன்னொரு கரண்டி விழுந்தது. தலைமை நடுவர் என்னைத் தனியே இழுத்து, "சார், இப்படிச் சாப்பிட்டுட்டு இவங்க எப்படி ஆடுவாங்க?" என்று பதறினார். ஆடவில்லைதான். அந்தச் சுற்றில் பாதிப் பேர் கைகுலுக்கி டிரா செய்துகொண்டு மண்டபத்துத் தூணில் சாய்ந்து தூங்கினார்கள். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். நாச்சிமுத்துவே பரிமாறினார். என் அப்பா அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்று சாப்பிட்டதை நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். அது மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் உப்பும் உறைப்பும் எனக்குத் தனியாகத் தெரிந்தன. வெகுநாளைக்குப் பிறகு நான் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டேன்.

அதே சுற்றில்தான் உனக்கும் கோகுலுக்கும் ஆட்டம் விழுந்தது. எங்கள் இரண்டு பேரின் பிள்ளைகள் மோதுவதால் உள்ளே போக வேண்டாம் என்று நானும் நாச்சிமுத்துவும் முடிவு செய்து மேசையில் உட்கார்ந்துகொண்டோம். ஒவ்வொருவராக வந்து பையை வாங்கிப் போனார்கள். கடைசியில் மேசை மீது இரண்டே பைகள் இருந்தன, உன்னுடையதும் கோகுலுடையதும். அவன் தன் அக்காவின் பையைத்தான் கேட்டு வாங்கியிருந்தான். மண்டபத்து வாசலில் பெற்றோர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். பிள்ளை வெளியே வரும்போது வாயைத் திறந்து கேட்கமாட்டோம். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். நாங்களும் அந்தக் கதவையே பார்த்தோம். நாச்சிமுத்து, "சாரு, ரெண்டு பேரும் செயிக்கற மாதிரி இந்த ஆட்டத்துல ஒரு வழியும் இல்லீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. ரெண்டு பேரும் தோக்கற மாதிரியும் இல்லீங்க" என்றேன். அதில் அவர் கொஞ்சம் சமாதானமானார்.

நீங்கள் அந்தக் கதவு வழியாக வரவே இல்லை. நடுவர் வந்து எப்போதோ முடிந்துவிட்டது என்றார். தேடிக்கொண்டு போனால், பந்திக்கூடத்தில் ஒரு மேசை மீது பலகையை விரித்து, ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசத்தோடு இரண்டு பேரும் காய்களை நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். உன் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த முகம். கோகுலின் முகத்தைப் பார்த்தேன். அதுவும் ஜெயித்த முகம். "அப்பா, தோத்துட்டனுங்க!" என்று நீ ஏதோ பரிசு வாங்கியவன் போலச் சொன்னாய். "ஆனா இங்க பாருங்க, இந்தக் குதிரைய மட்டும் இங்க வெச்சிருந்தன்னா..."

"வெச்சிருந்தாலும் தோத்திருப்படா" என்றான் கோகுல்.

"போடா. வெச்சுக் காட்டட்டுமா?"

"காட்டு பாக்கலாம். பாயசத்தத் தள்ளி வெச்சுட்டுக் காட்டு."

நாச்சிமுத்து என் பக்கம் திரும்பி, வெட்கப்படுகிறவர் போல, "நம்ம பையன் ஏதோ அதிர்ஷ்டத்துல..." என்று இழுத்தார். "அதிர்ஷ்டமெல்லாம் இல்லீங்க. நல்லா ஆடியிருக்கான்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான். எனக்கு வழக்கமாக வரும் கோபத்துக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. நீ தோற்றிருந்தாய், அதுவும் நாச்சிமுத்துவின் மகனிடம், நான் வாங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து ஆடியவனிடம். நானோ அங்கே நின்று, அந்தக் குதிரையை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அதைவிடச் சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. இதைத்தான் இத்தனை நாள் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் பேசாமல் வந்ததைப் பார்த்து, தோற்றதால் அப்பாவுக்கு வருத்தம் என்று நினைத்து நீ மன்னிப்புக் கேட்டாய். நான் "பரவாயில்லை" என்றேன். கண்ணு, எனக்கு வருத்தமே இல்லை. பேசினால் சிரித்துவிடுவேன் என்றுதான் பேசாமல் வந்தேன்.

கோப்பை வேறு மாநிலத்துக்குப் போனது. நீயும் கோகுலும் நடுவில் எங்கோ முடித்தீர்கள். அடுத்த வாரம் நாச்சிமுத்து காரை எடுத்துக்கொண்டு வந்து, ஆனைமலைக்குப் போகலாமா என்றார். மிளகாய் அரைத்தவரின் குறை தீர்ந்தால் திரும்பப் போய் அம்மனுக்கு எண்ணெய்க்காப்புச் செய்து குளிர்விக்க வேண்டும் என்பது முறை. நான் மிளகாய் அரைத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். "யாரு மேல அரைச்சீங்கன்னு கேக்க மாட்டனுங்க. எனக்கு ஒரு மாசம் கண்ணு எரிஞ்சுது" என்றார். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதிலிருந்து செய்தி எப்படிப் போனது என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது போட்டியை நடத்துகிறவன் நீ. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வது உன் இஷ்டம். வெளியே காத்திருக்கிறவர்களுக்கு நல்ல மின்விசிறியும் உட்கார நாற்காலியும் போடு; உள்ளே ஆடுகிற பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் அதிகம் வேர்க்கும். அவர்களில் கட்டாயம் என்னைப் போல ஒருவர் இருப்பார். டைபிரேக் கணக்கைத் தாளில் போட்டுக்கொண்டு, உன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரோடு வாதம் பண்ணாதே. அவர் கையில் ஒரு வேலையைக் கொடு. போன் வாங்கும் மேசை காலியாக இருந்தால் அங்கே உட்கார வை. யாரையாவது எதற்காவது அழைக்க வேண்டியிருந்தால் நீயே போ. ஆளை அனுப்பாதே, மெசேஜ் அனுப்பாதே. வருடக்கணக்கில் மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம் எல்லாம் அந்த ஒரு நடை போகாததில்தான் தொடங்குகிறது. உன்னை யாராவது அப்படி விட்டுவிட்டால், நான் செய்தது போல அதையே நினைத்து உட்கார்ந்திராதே, கேட்டுவிடு. அவர் "தப்புத்தான்" என்று சொல்லிவிடக்கூடும். சொல்லாவிட்டால் ஆனைமலைக்குப் பஸ் இருக்கிறது.

பிறகு, எண் போட்ட உறை, பூட்டுப் பெட்டி என்று ஏதேதோ ஆர்டர் கொடுத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். வேண்டாம், ரத்து செய். அவள் இப்போதே கதவுக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் எடுத்துத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்கு ஒரே பை. உன் கல்யாணப் பையிலும் ஒன்றுதான். மீதியை அவள் எடுக்க விடமாட்டாள். பிரியங்காவின் பை அன்று தட்டோடு நமக்கு வந்தது. அதையும் கொண்டுவருகிறேன். அது எந்தப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். மேசைக்கு இரண்டு நாற்காலி போடு. ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று உனக்குத் தெரியும். அவரை அழைக்க நானே நேரில் போகிறேன்.

இந்தக் கடிதத்தில் என் பெயர் இருக்காது. பிரின்சிபாலும் உன் பெரியப்பாவும் போட்டி மலரை வாங்கிப் படிப்பார்கள். கீழே என் கையெழுத்தைப் பார்த்தால் நான் இளகிவிட்டேன், அவர்களையும் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சலுகையை அவர்களுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. உறையை எடுத்து வைத்தாயிற்று, அனுப்புநர் இடம் காலியாக இருக்கிறது. சாயங்காலம் நடை போகும்போது கையெழுத்துப் போடாமல் அப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன். இதை யார் எழுதியது என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அப்போது நீ வாயால் எதுவும் கேட்காதே. வாசலில் காத்திருந்து நாங்கள் உங்கள் முகத்தைப் பார்த்தது போல, என் முகத்தைப் பார்த்துக்கொள்.